கூரையில் தூங்கும் மூன்று பேர்

பென்டோவி, கார்ன்வால்
ஜனவரி, செவ்வாய்க்கிழமை

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய ஏவ்ரில் அண்ணி அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி டாம்சின் எழுதுவது. நீங்களும் அண்ணனும் நல்லபடியாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணனின் முழங்கால், உங்கள் கிழட்டுப் பூனையின் வயிறு, வாசலில் தோண்டிப் போட்ட சாலை எல்லாமே இதற்குள் சரியாகியிருக்கும் என்றும் நம்புகிறேன். இங்கே நாங்கள் அனைவரும் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். உண்மையைச் சொன்னால், இந்த வீட்டில் ஆறு கால் உள்ளவர்கள் பரம சௌக்கியம். இரண்டு கால் உள்ளவர்களில் ஒருவர் திருப்தியாக இருக்கிறார், மற்றொருத்தி கையுறை போட்டுக்கொண்டு இந்தக் கடிதத்தை எழுதுகிறாள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் அதுதான் காரணம், எனக்குப் பக்கவாதம் எதுவும் வந்துவிடவில்லை. போனில் சொல்லலாமே என்பீர்கள். போனில் ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், நீங்களும் "அட விடு டாம்சின், அவன் சின்னப் பிள்ளையிலேருந்தே அப்படித்தான்"னு சிரிச்சிட்டு வச்சிடுவீங்க. அதனால்தான் எழுதுகிறேன்.

இந்த வருடம் எங்கள் பக்கம் குளிர்காலம் என்று ஒன்று வரவே இல்லை. கிறிஸ்துமஸ் அன்று மீன்கடைக்காரர் அரைக்கால் சட்டையோடு தேவாலயத்துக்கு வந்தார். மார்ச்சில் பூக்க வேண்டிய டாஃபடில் கல்லறைத் தோட்டத்தில் இப்போதே பூத்துவிட்டது. ஊரே ஆகா ஓகோ என்று கொண்டாடுகிறது, உங்கள் அருமைத் தம்பி ஒருவர் மட்டும் இழவு வீட்டுக்காரர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அலைகிறார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் வண்ணத்துப்பூச்சிக் கழகத்தில் சேர்ந்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? வீட்டுக்குள் உட்கார்ந்து என் சமையலில் குற்றம் கண்டுபிடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்று நான்தான் அனுப்பி வைத்தேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பது இதுதான். இப்போது இந்த ஊரில் யார் எந்தப் பூச்சியைப் பார்த்தாலும் இவரிடம்தான் சொல்ல வேண்டும், இவர் போய்ப் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் கழகத்தின் இதழில் வரும். அதிலும் வருடத்தின் முதல் வண்ணத்துப்பூச்சியைப் பார்த்தவர் பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். அந்தக் கொட்டை எழுத்துக்காக இந்த ஊர் அடித்துக்கொள்வதைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும். டிசம்பர் கடைசியிலிருந்தே போன் மேல் போன். "டென்சில், என் வேலியில ஒண்ணு உக்காந்திருக்கு, ஓடியா!" ஓடிப் போய்ப் பார்த்தால் காய்ந்த இலை. அடுத்த வீட்டில் சாக்லேட் சுற்றிய காகிதம். ஒரு பெரிய மனிதர் தன் மனைவியின் தலைக் கிளிப்பை இரண்டு ஜன்னல் தள்ளி நின்று பார்த்துவிட்டுக் கூப்பிட்டார், அவரை விட்டுவிடுவோம்.

புத்தாண்டு அன்று காலையில் திருமதி பாஸ்கோ கூப்பிட்டாள். தபால் நிலையத்தில் இருந்தாளே, வாய் மூடாத பாஸ்கோ, அவளேதான். தோட்டத்தில் நிஜமாகவே ஒன்று பறக்கிறது என்றாள். உங்கள் தம்பி பன்னை வாயில் வைத்தபடியே ஓடினார். நிஜமாகவே பறந்தது. ஆமையோட்டு நிறத்தில் சிறகு, ஓரத்தில் நீலப் பொட்டு வரிசை, அப்படி ஓர் அழகு என்று அவரே சொன்னார். ஆனால் அவருக்கு அங்கே மனசு இடித்திருக்கிறது. இந்த ஜாதிப் பூச்சி குளிர்காலம் முழுக்க எங்காவது இடுக்கில் தூங்கும், ஏப்ரலில்தான் எழுந்திருக்கும். வெயில் கண்ட நாளில் சும்மா ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போகிற, சிறகில் சிவப்புப் பட்டை போட்ட ஜாதி வேறு, இது வேறு. "பாஸ்கோ, இது எங்கேருந்து வந்துச்சு?" என்று கேட்டிருக்கிறார். "வானத்துலேருந்து வந்துச்சு, பின்ன எங்கேருந்து வரும்?" என்றாளாம். அப்புறம் பார்த்தால், அவள் வீட்டுத் திரைச்சீலை மடிப்பில் தூங்கிக்கொண்டிருந்ததை ராத்திரி முழுக்க ஹீட்டரை முறுக்கி வைத்து எழுப்பி, காலையில் ஜன்னலைத் திறந்து வெளியே துரத்திவிட்டுத்தான் போன் போட்டிருக்கிறாள். வீட்டுக்குள் எழுந்த பூச்சி கணக்கில் சேராது என்று இவர் சொல்ல, "ஏன்யா, நீ எந்தப் படுக்கையிலேருந்து எழுந்தேன்னு பாத்தா உன்னை மனுஷன் கணக்குல சேர்த்திருக்காங்க?" என்று அவள் கேட்க, இவர் கோபித்துக்கொண்டு வந்துவிட்டார். அத்தோடு போயிருந்தால் நான் உங்களுக்குக் கடிதமே எழுதியிருக்க மாட்டேன்.

மறுநாள் மழை. அதற்கு மறுநாள் பாஸ்கோவே வந்து கதவைத் தட்டினாள், கையில் தீப்பெட்டி. உள்ளே அந்தப் பூச்சி, சிறகை மூடிக்கொண்டு. ஜன்னல் விளிம்பில் கிடந்ததாம். எழுந்தது, பறந்தது, குடிக்கத் தேனுள்ள பூ ஒன்றும் கிடையாது, உடம்பில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அந்த ஒரு நாளிலேயே தீர்ந்துபோய்ச் செத்துவிட்டது. "எனக்குத் தெரியாது டென்சில், சத்தியமாத் தெரியாது"ன்னு அவ கண்ணைத் துடைச்சுக்கிட்டா, பாவம். வாய் நீளமே தவிர நெஞ்சு நல்ல நெஞ்சு. இவர் அவளைத் திட்டவே இல்லை. தீப்பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறையில் அப்படியே உட்கார்ந்திருந்தார், டீ ஆறிப் போச்சு. அப்புறம் எழுந்து போய் எங்கள் வீட்டை ஒவ்வொரு அறையாகத் தலையைத் தூக்கிப் பார்க்க ஆரம்பித்தார். வரவேற்பறைக் கூரையில், மரச் சட்டத்துக்குப் பக்கத்தில், சிறகை மூடிக் கறுப்பாக அதே ஜாதிப் பூச்சி மூன்று. நான் ஒட்டடை என்று நினைத்து இரண்டு மாதமாகத் துடைக்காமல் விட்டிருந்தேன், இப்போது அதற்காக என்னைப் பாராட்டுகிறார். என் சோம்பலுக்கு நாற்பத்தொரு வருடத்தில் கிடைத்த முதல் பாராட்டு. பாராட்டிய கையோடு போய், வீடு முழுக்கச் சூடு அனுப்புகிற பாய்லரை அணைத்துவிட்டார்.

அண்ணி, நீங்கள் நியாயம் சொல்லுங்கள். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பாய்லர் என்று எது ஓடினாலும் அது உங்கள் தம்பி கை வைத்தது. பள்ளிக்கூடத்துக்குச் சூடு, தேவாலயத்துக்குச் சூடு, பாஸ்கோ வீட்டுக்குச் சூடு, மீன்கடைக்காரர் வீட்டு நாய்க்குக்கூடத் தனியாக ஒரு சூட்டுக் குழாய். அவர் பெண்டாட்டி மட்டும் கோட்டும் குல்லாவுமாக உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரிக்கிறாள். வெளியே இதமான காற்று, இந்தக் கல் வீட்டுக்குள் பாதாள அறை. காலையில் எழுந்ததும் கோட்டைக் கழற்றிவிட்டுக் கொல்லைப்புறத் தோட்டத்துக்குப் போய்க் குளிர் காய்ந்துவிட்டு வருகிறேன், உள்ளே நுழையும்போது மறுபடி கோட்டைப் போட்டுக்கொள்கிறேன். உலகத்தில் எந்தப் பைத்தியக்காரியாவது இப்படிச் செய்வாளா? கொட்டகையில் கொண்டுபோய் வையுங்கள், அங்கேயும் குளிர்தானே என்று நானும் சொல்லிப் பார்த்தேன். நான்காவதாக ஒன்று மாடிப்படிக்கு அடியில் இருந்தது, அதை ஜாம் பாட்டிலில் அலுங்காமல் ஏந்திக் கொண்டுபோய்க் கொட்டகையில் வைத்தார். காலையில் போய்ப் பார்த்தால் நான்கு சிறகு மட்டும் தரையில் கிடக்கிறது, உடம்பை எலி தின்றுவிட்டது. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. எனக்கும் இறங்கவில்லை என்பதை உங்களிடம் மட்டும் சொல்லி வைக்கிறேன், அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.

கூரைக்காரர்கள் எழுந்துவிடக் கூடாது என்பதற்காக வீட்டில் இன்னும் என்னென்ன சட்டம் என்று கேளுங்கள். வரவேற்பறையில் விளக்குப் போடக் கூடாது. கெட்டில் கத்தக் கூடாது. நான் பாடக் கூடாது, அது முன்பிருந்தே இருக்கிற சட்டம்தான். மதியம் வெயில் ஜன்னல் வழியாக விழுந்து அறை சூடாகிறது என்று வீட்டில் இருந்த போர்வை எல்லாவற்றையும் எடுத்து ஜன்னலில் தொங்கவிட்டுவிட்டார். குளிருகிறவளுக்குப் போர்வை கிடையாது, ஜன்னலுக்கு மூன்று. இந்த ஊரில் பட்டப்பகலில் தெருப் பக்கத்து ஜன்னலை எல்லாம் மூடி வைத்தால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், உங்கள் அம்மா போனபோது நாமே அப்படித்தான் மூடினோம். வெளியே நடமாடுகிற ஒரே ஆள் டென்சில், அவர் முகமோ அந்த லட்சணத்தில் இருக்கிறது. ஊர் என்ன நினைக்கும்? நான் போய்ச் சேர்ந்துவிட்டேன் என்று முடிவு கட்டிவிட்டது.

ஞாயிறு மதியம் கதவு தட்டுகிற சத்தம். திறந்தால் பாதிரியார் பெங்கெல்லி கறுப்பு அங்கியோடு, அவருக்குப் பின்னால் பாஸ்கோ ஒரு பெரிய தட்டு நிறையக் குங்குமப்பூ பன்னோடு. என்னைப் பார்த்ததும் பாதிரியார் கையிலிருந்த ஜெபப் புத்தகத்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பாஸ்கோ மட்டும், "அடிப்பாவி, நீ இருக்கியா! விடிகாலைலேருந்து நின்னு சுட்டேனே!" என்றாள். "மன்னிச்சுக்கடி, அடுத்த தடவை சரியாச் செஞ்சிடறேன்"னேன். கொண்டு வந்ததைத் திருப்பி எடுத்துட்டுப் போனா நல்லாருக்காதுன்னு உள்ள வந்து உக்காந்தாங்க. இருட்டு அறையில் நான்கு பேரும் கோட்டோடு, என் சாவுக்குச் சுட்ட பன்னை நானே எடுத்துப் பரிமாறினேன், நன்றாகவே இருந்தது. பாதிரியாருக்குச் சுடச்சுட ஒரு டீ கொடுத்தேன், அதுதான் நான் செய்த குற்றம். அவருக்குத் தலையில் ஒரு முடி கிடையாது. டீ உள்ளே போனதும் அந்தத் தலைதான் இந்த வீட்டிலேயே சூடான இடமாகிவிட்டது. மேலிருந்து ஒன்று சிறகை விரித்தது, தடுமாறி ஒரு சுற்றுச் சுற்றியது, நேராக வந்து அவர் உச்சந்தலையில் உட்கார்ந்தது.

"ஃபாதர், அசையாதீங்க!" என்று உங்கள் தம்பி போட்ட சத்தத்தில் பாதிரியார் கோப்பையை வாய்க்குப் பாதி வழியில் நிறுத்திவிட்டார். "என்னப்பா, குளவியா?" "அதைவிடப் பெரிசு ஃபாதர். மூச்சை மெதுவா விடுங்க." உங்கள் தம்பி சூடான கோப்பையை மெதுவாக வாங்கி ஓரமாக வைத்தார், பாதிரியார் தலை ஆறட்டும் என்று ஒரு தட்டை எடுத்து மெல்ல விசிற ஆரம்பித்தார். பாஸ்கோ பன்னால் வாயை அடைத்துக்கொண்டு சிரிப்பை அடக்கினாள், எனக்கு வயிறு வலித்துவிட்டது. சாயங்கால ஆராதனைக்கு மணி அடித்து ஓய்ந்தது, பாதிரியார் அசையவில்லை. கடைசியில் அது அயர்ந்து சிறகை மூடியதும் உங்கள் தம்பி ஓவியத் தூரிகையால் ஏந்தி எடுத்து, ஏணி போட்டு ஏறி, பழைய இடத்திலேயே கொண்டுபோய் ஒட்டவைத்தார். பாதிரியார் எழுந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டார், கதவுப் பக்கம் போய் நின்று ஒன்று சொன்னார் பாருங்கள்: "டென்சில், எல்லா உயிரையும் பேழைக்குள்ள ஏத்துன்னுதான் ஆண்டவர் நோவாகிட்டச் சொன்னார். நோவா ஏத்துனான். ஆனா பொண்டாட்டியை வெளியில நனைய விட்டுட்டு ஏத்தலப்பா."

அவர்கள் போன பிறகு நான் பிடித்துக்கொண்டேன். "கேட்டீங்களா? தேவாலயமே சொல்லிடுச்சு, பாய்லரைப் போடுங்க" என்றேன். "போட்டா மூணும் எழுந்துரும் டாம்சின், ஒரு வாரத்துல மூணும் செத்துரும்" என்றார். "நான் செத்தா பரவாயில்லையா?" என்றேன். "நீ கோட்டு போடலாம், அதுங்க என்ன போடும்?" என்றார். அப்போதுதான் எனக்கு வந்தது ஆத்திரம். "உலகத்துல எத்தனை கோடிப் பூச்சி சாகுது, இந்த மூணுக்கு மட்டும் நீங்க என்ன அப்பனா?"ன்னு கத்திட்டேன். அவர் ஏணியை மடக்கிச் சுவரில் சாய்த்தார். அப்புறம் சொன்னார்: "நாப்பது வருஷமா இந்த ஊர்ல வீடு வீடாப் போய் நெருப்பு மூட்டிட்டு வந்தவன் நான். ஜனவரியில பூச்சி முழிக்குதுன்னா, குளிர்காலம் எங்கே போச்சு? யார் துரத்துனது? பாஸ்கோ வீட்டுல அதை எழுப்புனது பாஸ்கோ இல்ல டாம்சின். நான் மாட்டுன ஹீட்டர். இந்த மூணையாவது தூங்க விட்டுட்டேன்னா எனக்குக் கொஞ்சம் மனசு ஆறும்." உலகம் சூடானதற்கு பென்டோவியில் ஒரு பாய்லர்காரர்தான் காரணம் என்று எந்த மேதை சொன்னான்? ஆனால் அந்த மனுஷன் நிஜமாகவே அப்படி நம்புகிறார்.

இருந்தாலும் அண்ணி, என் பக்கமும் ஒன்று இருக்கிறது. எங்களுக்குக் கல்யாணமான வருடம் உங்கள் அம்மா வீட்டுக்குப் பின்னால் அந்த ஓட்டை கேரவன் வண்டிக்குள் குடியிருந்தோமே, என் கால் விரல் எல்லாம் குளிரில் வீங்கி வெடித்ததே, நீங்கள்தானே வாத்துக் கொழுப்புத் தடவி விட்டீர்கள். அப்போது இவருக்குக் கல் குவாரியில் வேலை. பாய்லருக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? என் காலைப் பார்த்துவிட்டுத்தான், சாயங்கால வகுப்புக்குப் போய் இந்த வேலையைக் கற்றுக்கொண்டார். "இனிமே உனக்குக் குளிரவே விடமாட்டேன்"னு என் அப்பாகிட்டச் சொன்னார். சொன்னபடியே இத்தனை வருடம் காப்பாற்றினார். எனக்குக் குளிர் ஒன்றும் பெரிதில்லை, நான் சுரங்கக்காரன் மகள், தாங்குவேன். கூரையில் இருக்கிறதுக்காக என்னிடம் சொன்ன வார்த்தையை விட்டுவிட்டாரே, அதுதான் தாங்கவில்லை. இந்த வயதில் பூச்சியைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. எழுதியாகிவிட்டது, நீங்களும் படித்தாகிவிட்டது.

ஆகவே தயவுசெய்து இந்தக் கடிதம் கிடைத்தவுடனே உங்கள் தம்பிக்குப் போன் போட்டு, நீங்கள் பெரியக்கா என்ற முறையில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டு, பாய்லரைப் போடச் சொல்ல வேண்டும். உங்களுக்கு மட்டும்தான் அவர் பயப்படுவார், சின்ன வயதில் அவரைக் கிணற்றடியில் கட்டிப் போட்டவர் நீங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சனிக்கிழமைப் பேருந்தில் நான் கிளம்பி உங்கள் வீட்டுக்கு வந்துவிடுவேன், ஏப்ரல் வரைக்கும் அங்கேதான் இருப்பேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆற்றைத் தாண்டி டெவன் பக்கம் குடிபோன நீங்கள் இப்போது ஜாமை முதலில் தடவுகிற நம் ஊர் முறையை விட்டுவிட்டு, பன்னில் ஜாமுக்கு முன்னால் பாலேட்டைத் தடவுகிறீர்கள் என்று கேள்வி, அந்தக் கண்றாவியைக்கூடப் பார்த்துக்கொண்டு இருந்துவிடுவேன், சூடாக ஓர் அறை இருந்தால் போதும்.

அண்ணனுக்கு என் வணக்கம், பேரப்பிள்ளைகளின் நெற்றிக்கு ஆளுக்கொரு முத்தம், பூனைக்கு என் விசாரிப்பு. ஆண்டவர் உங்கள் வீட்டையும் உங்கள் வீட்டுக் குழாய்களையும் வெதுவெதுப்பாக வைத்திருப்பாராக.

இப்படிக்கு,
கையுறையைக் கழற்றாமலே கையெழுத்திடும்
டாம்சின் ட்ரெவின்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் இதை எழுதுகிறேன். கடிதத்தை முடித்த கையோடு, வெறும் வாய்ச்சவடால் இல்லை என்று காட்டுவதற்காகவே அலமாரி மேலிருந்த என் பெட்டியைத் தடாலென்று இறக்கிக் கட்டில் மேல் போட்டேன். சத்தம் கேட்டு உங்கள் தம்பி வாசலில் வந்து நின்றார். பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கீழே இறங்கிப் போனார். சற்று நேரத்தில் சுவருக்குள் டொக் டொக் என்று குழாய் சத்தம். அண்ணி, அவர் பாய்லரைப் போட்டுவிட்டார். கீழே இருந்தபடியே, "டாம்சின், கொஞ்ச நேரத்துல சூடாயிடும், போயிடாதேம்மா"ன்னு சொல்றார். நான் அப்போதுதான் பெட்டியைத் திறந்தேன். உள்பக்கம் துணிப் பை ஒன்று தைத்திருக்கும் அல்லவா, அதன் மடிப்பில் இரண்டு. சிறகோடு சிறகு ஒட்டிக்கொண்டு தூங்குகின்றன. என் கை பட்டு ஒன்று லேசாக நெளிந்தது, அவ்வளவுதான். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, இந்த முழங்காலை வைத்துக்கொண்டு மாடிப்படியில் ஓடி இறங்கி, அவரைத் தள்ளிவிட்டு, "அணைங்கய்யா முதல்ல, மேல ரெண்டு பேர் படுத்திருக்காங்க!" என்று என் கையாலேயே பாய்லரை அணைத்துவிட்டேன். ஆகவே போன் போட வேண்டாம். சனிக்கிழமை நான் வரவும் முடியாது, பெட்டி காலியில்லை.